ஆய்வுக்கூடமும் தொட்டிலும்

முன்னுரை

சில மாதங்களுக்கு முன்னர் எங்கள் குடும்ப நண்பர் ஒருவரின் மகளுக்கு வளைகாப்பு நடைபெற்றது. அப்பெண் இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்றவர். கெண்ட் ரிட்ஜ் வட்டாரத்தில் ஓர் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றி வருபவர். என் துணைவியார் முதல் நாளே சிராங்கூன் சாலைக்குச் சென்று கண்ணாடி வளையலும் பூவும் பழமும் வாங்கி வந்தார். நானோ ஒரு நூலை வாங்கி வந்தேன். மேரி கியூரி அம்மையாரைப் பற்றி அவருடைய இளைய மகள் ஈவ் கியூரி எழுதிய வாழ்க்கை வரலாறு அது. இயற்பியல் கற்ற பெண்ணொருத்தி தாயாகப் போகும் வேளையில் இதனினும் ஏற்ற பரிசு வேறொன்று உண்டோ என்று எண்ணி உள்ளுக்குள் மகிழ்ந்தும் கொண்டேன்.

இரு வாரங்கள் கழித்து அவர்களுடைய வீட்டுக்குச் சென்றபோது அப்பெண் நூலைப் பற்றித் தாமாகவே பேசத் தொடங்கினார். "மாமா, இந்த அம்மையார் அறிவியலுக்காக எதையெல்லாம் துறந்தார் என்றே எல்லாரும் சொல்கிறார்கள். நான் அதைத் தேடிப் படிக்கவில்லை. வேலை எப்படி நடந்தது, பிள்ளையை யார் பார்த்துக்கொண்டார்கள் என்றுதான் தேடினேன். அதெல்லாம் நூலில் இருக்கிறது. ஆனால் யாரும் அந்தப் பக்கங்களைப் பற்றிப் பேசுவதில்லையே, ஏன்?" என்று கேட்டார்.

என்னிடம் விடை இல்லை. அந்நூலை நான் மும்முறை படித்தவன். இலக்கியக் கூட்டங்களில் அதனைப் பற்றிப் பேசியவன். என் பேச்சிலும் அப்பக்கங்கள் இடம்பெற்றதில்லை. ஒரு நூலின் சிறப்பு எதில் உள்ளது என்று காட்ட வேண்டியவன் திறனாய்வாளன். அவனே நூலின் நடுப்பகுதியைக் காணாது கடந்திருக்கின்றான் என்றால், அக்குறை எங்கிருந்து வந்தது என்று ஆராய வேண்டியதும் அவன் கடமையே. அக்கடமையை ஆற்றும் சிறு முயற்சியே இக்கட்டுரை.

நூலும் ஆசிரியரும்

மேரி கியூரி 1934ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 4ஆம் நாள் மறைந்தார். மூன்றே ஆண்டுகளில், 1937இல், ஈவ் எழுதிய வரலாறு வெளிவந்தது. ஆங்கிலத்திலும் உடனே பெயர்க்கப்பட்டு உலகெங்கும் பரவியது. இதற்கு முன்பே, 1923இல், மேரி அம்மையார் தம் கணவர் பியேர் கியூரியைப் பற்றி ஒரு நூல் எழுதி, அதன் ஆங்கிலப் பதிப்புக்காகத் தம்மைப் பற்றியும் சில குறிப்புகளை வரைந்திருந்தார். தாயின் எழுத்தையும் மகளின் எழுத்தையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால் இரண்டின் இயல்பும் தெளிவாகும். தாயின் நடை வறண்டது, அளந்து பேசுவது. மகளின் நடை ஈரமுள்ளது. சில இடங்களில் அளவு கடந்து உருகுவது. தாய் ஒரு வரியில் சொல்லிக் கடந்ததை மகள் ஒரு பக்கமாக விரிக்கின்றார்.

ஈவின் நூலுக்குக் குறைகளும் உண்டு. தாய்மீது கொண்ட பக்தி, எழுத்தாளரின் கண்ணைச் சில இடங்களில் மறைக்கின்றது. 1911ஆம் ஆண்டில் மேரி அம்மையாரின் தனிவாழ்வு பற்றி எழுந்த பழிப்பேச்சு, நிழலாகவே காட்டப்பட்டு மறைகின்றது. ரேடியத்தைப் பிரித்தெடுத்த கொட்டகை, கோயில் கருவறை போல் ஆகிவிடுகின்றது. ஆயினும் இந்நூலுக்கு வேறெந்த வரலாற்றுக்கும் இல்லாத ஒரு தகுதி இருக்கின்றது. ஓர் இயற்பியலறிஞர் ஆய்வுக்கூடத்துக்கும் தொட்டிலுக்கும் இடையே எவ்வாறு நாள்களைக் கடத்தினார் என்பதை, அத்தொட்டிலில் கிடந்த குழந்தையே வளர்ந்து எழுதியிருக்கின்றது. தீர்ப்புக் கூறும் உரிமை வேறு எவரையும்விட அக்குழந்தைக்கே மிகுதி அன்றோ?

தியாகம் என்னும் சொல்

நாம் பள்ளியில் படித்த அறிவியலறிஞர் வரலாறுகளை நினைத்துப் பார்ப்போம். வறுமை, விடாமுயற்சி, வெற்றி, புகழ் என்னும் நான்கு படிகளில் அவை ஏறிச் செல்லும். அறிஞர் பெண்ணாக இருப்பின் ஐந்தாவதாக ஒரு படி சேரும். அதுவே தியாகம். அவர் உணவைத் துறந்தார், உறக்கத்தைத் துறந்தார், உடல்நலத்தைத் துறந்தார் என்று அடுக்கிச் செல்வோம். பிள்ளைகளைப் பற்றிய பேச்சு வரும்போதோ நமக்குச் சற்றுத் தயக்கம் உண்டாகும். பிள்ளைகளையும் துறந்தார் என்று சொன்னால் தாய்மைக்கு இழுக்கு. துறக்கவில்லை என்று சொன்னால் தியாகம் குறைந்துவிடும். ஆகவே அதனைச் சொல்லாமலே விட்டுவிடுகின்றோம்.

ஆண் அறிஞர்பால் இத்தயக்கம் எழுவதே இல்லை. நம் சர் சி. வி. இராமன் 1928ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் தம் பெயரால் விளங்கும் ஒளிச்சிதறல் விளைவைக் கண்டறிந்தார். அடுத்த ஆண்டு மே மாதம் 18ஆம் நாள் அவருக்கு ராதாகிருஷ்ணன் என்னும் மகன் பிறந்தார். பின்னாளில் வானொலி வானியலில் உலகறிந்த அறிஞராக விளங்கியவர் அவரே. உலகெங்கும் புகழ் பரவிய அவ்வாண்டில் இராமன் வீட்டில் தொட்டிலை ஆட்டியவர் யார் என்று எந்த வாசகரும் கேட்பதில்லை. உலோகசுந்தரி அம்மையார் இருந்தார் என்பது சொல்லாமலே விளங்கும் என்று எண்ணிக்கொள்கின்றோம்.

1963ஆம் ஆண்டில் மரியா கோப்பர்ட் மாயர் என்னும் அறிஞர் அணுக்கருவின் அடுக்கமைப்பை விளக்கியதற்காக இயற்பியல் நோபல் பரிசு பெற்றார். இரு பிள்ளைகளின் தாயான அவர் நெடுங்காலம் பல்கலைக்கழகங்களில் ஊதியமின்றி ஆய்வு செய்தவர். பரிசுச் செய்தி வந்தபோது அவர் வாழ்ந்த சான் டியேகோ நகரின் நாளிதழ் ஒன்று, அந்நகரத் தாய் ஒருவர் நோபல் பரிசு பெற்றார் என்னும் பொருள்படத் தலைப்பிட்டது. ஆணை அறிஞர் என்போம். பெண்ணைத் தாய் என்போம். இரண்டும் ஒருவரிடத்தே இருக்கக்கூடும் என்பதை எழுதிக்காட்டும் மொழி நமக்கு இன்னும் கைவரவில்லை.

இரண்டு குறிப்பேடுகள்

அம்மொழி ஈவின் நூலில் இருக்கின்றது. அதனை அவர் தம் தாயின் குறிப்பேடுகளிலிருந்தே எடுத்துக்கொண்டார்.

1897ஆம் ஆண்டில் மேரி அம்மையார் முதல் குழந்தையைச் சுமந்திருந்தார். பதப்படுத்திய எஃகின் காந்தப் பண்புகள் பற்றிய ஆய்வு அப்போது கையில் இருந்தது. மசக்கையும் தலைச்சுற்றலும் அவரை வாட்டின. செப்டம்பர் 12ஆம் நாள் ஐரீன் பிறந்தாள். பேறு பார்த்தவர் மாமனாராகிய மருத்துவர் யூஜீன் கியூரி. அன்றைய வீட்டுக் கணக்கில் இருந்த செலவுகளை ஈவ் எடுத்துக் காட்டுகின்றார். ஷாம்பெயின் மதுவுக்கு 3 பிராங்க். தந்திக்கு 1 பிராங்க் 10. மருந்துக்கும் செவிலிக்கும் 71 பிராங்க் 50. மகிழ்ச்சி என்ற சொல் அக்கணக்கில் இல்லை. ஆயினும் சிக்கனமான அவ்வீட்டில் ஷாம்பெயினுக்கென 3 பிராங்க் செலவாயிற்று என்பதிலேயே அம்மகிழ்ச்சி முழுவதும் அடங்கிவிடுகின்றது.

எஃகு பற்றிய ஆய்வுரை பிள்ளைப்பேறு கழிந்து மூன்று மாதங்களுக்குள் எழுதி முடிக்கப்பட்டது. டிசம்பர் 16ஆம் நாள் யுரேனியக் கதிர்கள் பற்றிய புதிய ஆய்வுக் குறிப்பேடு தொடங்குகின்றது. குழந்தைக்கு அப்போது மூன்று மாதம். 1898ஆம் ஆண்டு பிப்ரவரி 6ஆம் நாள் ஆய்வுக்கூடத்தின் வெப்பநிலை 6.25 பாகை என்று குறித்து, அருகே வியப்புக்குறிகளை அடுக்கியிருக்கின்றார் அம்மையார். குளிர் அவ்வளவு கொடியதாக இருந்தது.

வீட்டில் மற்றொரு குறிப்பேடு இருந்தது. அதில் ஐரீனின் எடை, உண்ட உணவு, முளைத்த பல் ஆகியவை நாள்தோறும் பதிவாயின. பொலோனியம் என்னும் புதிய தனிமம் அறிவிக்கப்பட்ட 1898ஆம் ஆண்டுக் கோடையில், குழந்தை கையசைத்து நன்றி காட்டுவதும் தவழ்வதும் அதில் எழுதப்பட்டுள்ளன. அக்டோபர் 17ஆம் நாள் குழந்தை நன்றாக நடக்கின்றது. டிசம்பர் 26ஆம் நாள் ரேடியம் பற்றிய அறிவிப்பு அறிவியற் கழகத்தில் படிக்கப்படுகின்றது. பத்தே நாளில், 1899 ஜனவரி 5இல், ஐரீனுக்குப் பதினைந்து பற்கள் என்ற செய்தி வியப்புக்குறியுடன் பதிவாகின்றது.

இவ்விரு குறிப்பேடுகளையும் எழுதிய கை ஒன்றே. கூர்ந்து நோக்குதல், அளத்தல், நாள் குறித்தல், மிகைப்படாமல் எழுதுதல் என்னும் அதே பயிற்சி இரண்டிலும் தொழிற்படுகின்றது. ஆய்வுக்கூடத்தில் அறிவும் வீட்டில் அன்பும் என்று பகுத்துவிடுவது எளிது. குளிரைக் கண்டு வியப்புக்குறி இட்ட கையே பல்லைக் கண்டும் வியப்புக்குறி இடுகின்றது. ஆகவே அப்பகுப்பு இங்கே செல்லாது.

ஒளிப்புள்ளி

இருபணிகளுக்கு இடையே வாழ்வோரைப் பற்றிப் பேசும்போது நாம் தராசை உவமை கூறுவோம். ஒரு தட்டில் தொழில், மறுதட்டில் குடும்பம். ஒன்று தாழ்ந்தால் மற்றொன்று உயர வேண்டும். இவ்வுவமையையே நானும் அப்பெண்ணிடம் கூறினேன். அவர் சிரித்துவிட்டு, கியூரி அம்மையார் பயன்படுத்திய கருவி எவ்வாறு இயங்கியது என்று எனக்கு விளக்கினார். நான் மும்முறை படித்தும் விளங்கிக்கொள்ளாத பகுதி அது.

யுரேனியக் கதிர்கள் காற்றில் மிக நுண்ணிய மின்னோட்டத்தை உண்டாக்கும். அதனை நேராக அளப்பது அரிது. பியேரும் அவர் தமையனார் ஷாக்கும் 1880இல் ஒரு விளைவைக் கண்டறிந்திருந்தனர். படிகக்கல்லை அழுத்தினாலோ இழுத்தாலோ அதில் மின்னேற்றம் தோன்றும் என்பதே அது. அவ்விளைவைக் கொண்டு ஒரு கருவி அமைத்தனர். கதிர்களால் மின்மானியில் மின்னேற்றம் சேரச் சேர, அதிலுள்ள கண்ணாடி திரும்பும். அளவுகோலின்மீது விழும் ஒளிப்புள்ளி நகரும். ஆய்வாளர் தம் கையால் எடையைச் சிறிது சிறிதாகப் படிகத்தின்மீது செலுத்தி, எதிரான மின்னேற்றத்தை உண்டாக்கி, அவ்வொளிப்புள்ளியைப் பூச்சியத்திலேயே நிறுத்த வேண்டும். ஒரு கண் புள்ளியில். ஒரு கை எடையில். மறு கை நேரம் காட்டும் கடிகாரத்தில். விரல் சற்றே விரைந்தாலும் தயங்கினாலும் புள்ளி ஓடிவிடும்.

"எங்கள் ஆய்வுக்கூடத்தில் லேசர் ஒளியின் அதிர்வெண்ணை மின்னணுக் கருவி பிடித்து நிறுத்துகிறது, மாமா. அந்த அம்மையார் விரலாலேயே பிடித்து நிறுத்தியிருக்கிறார். சமநிலை என்றால் அதுதான். ஒருமுறை சரிசெய்து வைத்துவிட்டு எழுந்து போக முடியாது" என்றார் அப்பெண்.

இச்சொற்கள் நூலுக்குள் புகும் வாயிலாக எனக்கு அமைந்தன. ஈவ் கூறும் ஒரு நிகழ்ச்சியை இப்போது நினைத்துப் பார்க்கலாம். பணியின் நடுவே திடீரெனக் கலக்கம் தோன்ற, மேரி அம்மையார் ஆய்வுக்கூடத்தை விட்டு மோன்சூரிப் பூங்காவுக்கு விரைந்து செல்வாராம். குழந்தையைச் செவிலித்தாய் தொலைத்துவிட்டாளோ என்னும் அச்சம் அவருக்கு. தொலைவில் தள்ளுவண்டியைக் கண்டதும் நெஞ்சம் ஆறித் திரும்பிவிடுவார். தாயின் பதற்றம் என்று புன்னகை செய்து இதனைக் கடந்துவிடுகின்றோம். உண்மையில் ஒளிப்புள்ளி நகர்ந்தது, அவர் விரலை அசைத்தார், புள்ளி மீண்டது. ஒரே நாளில் பன்முறை நடைபெறும் இச்சிறு திருத்தங்களின் தொகுதியே அவ்வாழ்க்கை. தராசு உவமையில் இவ்வுழைப்புக்கு இடமில்லை.

துணைநின்ற கைகள்

விரலின் திறமை ஒன்றே போதுமா என்றால், போதாது என்று நூலே விடை கூறுகின்றது. ஐரீன் பிறந்த சில நாள்களிலேயே பியேரின் தாயார் புற்றுநோயால் மறைந்தார். தனியரான யூஜீன் கியூரி மகனுடைய இல்லத்தில் வந்து சேர்ந்தார். பேத்தியின் முதல் ஆசானும் தோழரும் அவரே. பகல் முழுவதும் பெற்றோர் ரேடியத்தைத் தேடிக்கொண்டிருந்த ஆண்டுகளில் வீட்டில் குழந்தையோடு இருந்தவர் அந்த முதியவர். தாய்ப்பால் போதாமற்போனபோது அமர்த்தப்பட்ட செவிலித்தாய் ஒருத்தியும் இருந்தாள். அவள் பெயரை வரலாறு பெரிதாகக் குறிக்கவில்லை.

கணவரின் நிலைப்பாடும் நோக்கத்தக்கது. ஆய்வை விடுதல் தமக்குப் பெருந்துயராக இருந்திருக்கும் என்றும், அவ்வாறு விடுவதைக் கணவர் எண்ணியும் பார்க்கவில்லை என்றும் மேரி அம்மையாரே தம் குறிப்புகளில் எழுதுகின்றார். பியேர் குறையற்றவர் என்று இதனால் கொள்ள வேண்டியதில்லை. மாலை வேளையில் குழந்தை உறங்கும்வரை தாய் அருகிலேயே இருக்க நேர்ந்தபோது, உனக்குக் குழந்தை நினைப்பன்றி வேறில்லை என்று அவர் முணுமுணுத்ததையும் ஈவ் மறைக்கவில்லை. பக்தி மிக்க மகள் இதனை எழுதியிருப்பது நூலின் நேர்மைக்குச் சான்று.

ஆக, மேதை ஒருவர் தனித்து நின்று வென்ற கதையாக இதனைப் படிப்பது பிழை. தாத்தா ஒருவர், கணவர் ஒருவர், கூலிக்கு வந்த பெண்ணொருத்தி ஆகியோரின் கைகளைக் கதையினின்று நீக்கிவிட்டால் எஞ்சுவது வெறும் வியப்பு. அவ்வியப்பு பிற பெண்களுக்கு ஊக்கம் தருவதில்லை. என்னால் இயலவில்லையே என்னும் குற்ற உணர்வையே தருகின்றது.

இழப்பும் வருகையும்

நூலின் மிகக் கனமான பகுதி 1903, 1904 ஆகிய ஈராண்டுகளைப் பற்றியது. 1903 ஜூன் 25ஆம் நாள் மேரி அம்மையார் முனைவர் பட்டத்துக்கான தேர்வில் வென்றார். அன்றிரவு நண்பர்கள் கூடியிருந்த தோட்டத்தில் பியேர், ரேடியக் கரைசல் நிறைந்த குழாயொன்றை இருளில் ஒளிரச் செய்து காட்டினார். விருந்தினராய் வந்திருந்த ரதர்ஃபோர்டு, அவ்வொளியில் பியேரின் கைகள் புண்பட்டிருந்ததைக் கண்டார். அவ்வேளையில் மேரி அம்மையார் இரண்டாம் முறையாகக் கருவுற்றிருந்தார். ஆகஸ்டு மாதத்தில் அக்குழந்தையைக் குறைமாதத்தில் இழந்தார். உடல்வலிமையை மிகையாக நம்பிவிட்டேனோ என்று தமக்கைக்கு எழுதிய மடலில் தம்மையே நொந்துகொள்கின்றார். அவ்வாண்டு டிசம்பரில் நோபல் பரிசு வந்தது. ஸ்டாக்ஹோமுக்கு அவர்கள் செல்லவில்லை.

இழப்புக்குக் கதிர்வீச்சே காரணம் என்று இன்று எவரும் தீர்ப்பெழுத இயலாது. ஆயினும் அக்காலத்தில் அவ்வினா எவர் மனத்திலும் எழவில்லை என்பது படிப்போரை நடுங்கச் செய்கின்றது. இன்று பன்னாட்டுக் கதிரியல் பாதுகாப்பு ஆணையம் தெளிவான வரம்பு வகுத்துள்ளது. ஒரு பெண் தாம் கருவுற்றிருப்பதைப் பணியிடத்தில் தெரிவித்தபின், பேறுகாலம்வரை கரு ஏற்கும் கூடுதல் கதிர்வீச்சு 1 மில்லிசீவர்ட்டைத் தாண்டலாகாது என்பது அதன் பரிந்துரை. இயற்கையாகவே மாந்தர் ஓராண்டில் பெறும் உலகச் சராசரி ஏறத்தாழ 2.4 மில்லிசீவர்ட் என்பதை நோக்கினால் இவ்வரம்பின் கடுமை விளங்கும். "அந்தப் பக்கத்தில் நூலைச் சற்று மூடி வைத்துவிட்டேன். எனக்கு விதிகள் இருக்கின்றன, அவருக்கு ஒன்றுமே இல்லை" என்றார் அப்பெண்.

1904 டிசம்பர் 6ஆம் நாள் பிறந்த குழந்தையே நூலாசிரியர் ஈவ். தம்மைச் சுமந்த மாதங்களில் தாய் சோர்ந்திருந்தார், உலகுக்கு இன்னோர் உயிரை ஏன் கொணர வேண்டும் என்று கலங்கினார் என்பதை அவரே எழுதுகின்றார். தன் வருகையைத் தாய் தயக்கத்தோடு எதிர்கொண்டாள் என்று எழுத எத்தனை மகளிருக்கு மனம் வரும்? பழியும் இல்லை; புலம்பலும் இல்லை. பிறந்தபின் அக்குழந்தையே தாய்க்குப் பற்றுக்கோடு ஆயிற்று என்று அமைதியாகச் சொல்லி மேற்செல்கின்றார். நூலின் உச்சம் இதுவே என்பது என் துணிபு.

பிள்ளைத்தமிழ் சொல்லாதது

இவ்விடத்தில் நம் இலக்கியத்தின் பக்கம் திரும்புவோம். குழந்தையின் வளர்ச்சியை மாதம் மாதமாகப் பார்த்துப் பாடுதற்கென்றே ஓர் இலக்கிய வகை வளர்த்த பெருமை தமிழுக்கு உண்டு. பிள்ளைத்தமிழ், மூன்றாம் மாதத்துக் காப்பில் தொடங்கி, செங்கீரை, தாலம், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி என்று பருவம் பருவமாய் நடக்கின்றது. ஒட்டக்கூத்தர் சோழ மன்னனைக் குழந்தையாக்கிப் பாடினார். குமரகுருபரர் மதுரை மீனாட்சியம்மையையே குழந்தையாக்கிப் பாடினார். தலையசைத்தல், கைகொட்டல், தளர்நடை ஆகிய ஒவ்வொன்றும் அங்கே உற்று நோக்கப்படுகின்றது. கியூரி அம்மையாரின் வீட்டுக் குறிப்பேட்டை நான் ஓர் உரைநடைப் பிள்ளைத்தமிழ் என்றே கூறுவேன்.

ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. பிள்ளைத்தமிழில் தாய் எனப்படுபவள் பாடும் குரலாக மட்டுமே நிற்கின்றாள். குழந்தை கண்ணுறங்கியபின் அவள் செய்ய வேண்டிய தொழில் ஒன்று காத்திருக்கக்கூடும் என்னும் குறிப்பு அங்கில்லை. காப்புப் பருவத்துக்கு முன்னர் அவள் கழித்த பத்து மாதங்களும் பாடப்படுவதில்லை. அம்புலிப் பருவத்தில் நிலவைக் குழந்தையோடு ஆட அழைக்கின்றோம். அந்நிலவின் இயக்கத்தைக் கணக்கிடும் தாயொருத்தியை நம் மரபு கண்டதில்லை. இது மரபின் குற்றமன்று. அக்கால வாழ்வின் எல்லை. அவ்வெல்லை இன்று விரிந்துவிட்டது. இலக்கியம் அதற்கேற்ப விரிய வேண்டாமா?

நம் எழுத்தாளர் கடமை

இவ்வினாவுக்கு விடை தேடச் சிங்கப்பூரினும் பொருத்தமான இடம் அரிது. தேக்காவை ஒட்டியுள்ள கண்டாங் கெர்பாவ் என்னும் பெயர் மலாய் மொழியில் எருமைத் தொழுவத்தைக் குறிக்கும். அங்கே எழுந்த மருத்துவமனை 1924இல் மகப்பேற்று மருத்துவமனையாயிற்று. 1966ஆம் ஆண்டில் மட்டும் அங்குப் பிறந்த குழந்தைகள் ஏறத்தாழ 40,000. 1997இல் அருகிலேயே புதிய கட்டடத்துக்கு மாறிய பின்னும் மக்கள் அதனைக் கேகே என்றே அழைக்கின்றனர். நம்முள் பலர் பிறந்த இடமும் அதுவே.

தாய்மார் எத்தனை பிள்ளை பெற வேண்டும் என்பது பற்றி இந்நாட்டில் பேசப்பட்டது மிகுதி. 1972இல் இரண்டு போதும் என்னும் இயக்கம் நடந்தது. 1984இல் மூன்றாவது பிள்ளை பெறும் பட்டதாரித் தாய்மாரின் மக்களுக்குத் தொடக்கப்பள்ளிச் சேர்க்கையில் முன்னுரிமை தரும் திட்டம் வந்து, பலத்த எதிர்ப்புக்குப் பின் 1985இல் கைவிடப்பட்டது. எண்ணிக்கையைப் பற்றி இவ்வளவு பேசிய நாம், அத்தாய்மாரின் கையில் இருந்த பணி என்னவாயிற்று என்று கேட்டது குறைவு. இன்று குடியுரிமை பெறும் குழந்தையின் தாய்க்கு 16 வாரப் பேறுகால விடுப்பு உண்டு. 2025 ஏப்ரல் முதல் தந்தைக்கும் 4 வார விடுப்பு சட்டப்படி உரியதாயிற்று. சட்டம் தந்தையின் கைகளையும் கணக்கில் சேர்த்துக்கொண்டது. கதைகள் இன்னும் சேர்த்துக்கொள்ளவில்லை.

நம் சிறுகதைகளில் வேலைக்குச் செல்லும் தாய் எவ்வாறு வருகின்றாள்? ஒன்று, பணியை விட்டுவிட்டு வீடு திரும்பி வாசகரின் கண்ணீரைப் பெறுகின்றாள். இன்றேல், பிள்ளையைப் பணிப்பெண்ணிடம் விட்டுச் சென்று வாசகரின் கண்டனத்தைப் பெறுகின்றாள். அவள் செய்யும் பணி என்ன என்பதை எழுத்தாளர் சொல்வதே அரிது. அலுவலகம் என்ற ஒரு சொல்லோடு அது முடிந்துவிடும். ஆய்வுக்கூடத்தில் அவள் எதைத் தேடுகின்றாள், அதில் அவளுக்கு என்ன இன்பம், பேறுகாலம் நெருங்குகையில் எந்தச் சோதனையைப் பிறரிடம் ஒப்படைக்கின்றாள், ஒப்படைக்கும்போது அவள் மனம் என்ன பாடுபடுகின்றது என்பவற்றை நாம் எழுதுவதில்லை. பணியின் இனிமை தெரியாதபோது அதனை விடுவதன் வலியும் வாசகருக்கு விளங்காது. இக்குறையில் எனக்கும் பங்குண்டு. என் கதைகளிலும் அத்தகைய தாய்மார் இருவரோ மூவரோ அலுவலகத்திலிருந்து அழுதுகொண்டே வீடு திரும்பியிருக்கின்றனர்.

முடிவுரை

அப்பெண்ணுக்குச் சென்ற மாதம் கேகே மருத்துவமனையில் மகள் பிறந்தாள். பார்க்கச் சென்றபோது அவருடைய கணவர் குழந்தையைத் தோளில் போட்டு உறங்க வைத்துக்கொண்டிருந்தார். பேத்தியைக் காண வந்த பாட்டி, சிராங்கூன் சாலை நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய பொருள்களைக் கொண்டு பேறுகால மருந்து கிளறிக்கொண்டிருந்தார். மேசைமீது ஒரு பள்ளிக் குறிப்பேடு விரிந்து கிடந்தது. நாள், நேரம், குடித்த பால், எடை என்று கோடு போட்டுக் கட்டங்கள் வரையப்பட்டிருந்தன. கடைசிக் கட்டத்தில் ஏதோ ஒன்றுக்கு வியப்புக்குறி இடப்பட்டிருந்தது. அது என்ன என்று நான் கேட்கவில்லை.

கியூரி அம்மையாரின் ஆய்வுக் குறிப்பேடுகள் இன்றும் கதிர்வீச்சு நீங்காமையால் பாரிசில் காரீயப் பெட்டிகளில் காக்கப்படுகின்றன. ரேடியத்தின் அரைவாழ்வுக் காலம் ஏறத்தாழ 1,600 ஆண்டுகள். ஆதலால் அக்காவல் நெடுங்காலம் தொடரும். பல் முளைத்த நாளைக் குறித்த பதிவைப் படிக்கவோ அத்தகைய தடை ஏதுமில்லை. ஈவின் நூல்வழி எவரும் அதனை அணுகலாம். எனினும் அதனையே நாம் படியாது விட்டிருக்கின்றோம். இனியேனும் அப்பக்கங்களைப் படிப்போம். தொட்டிலுக்கும் ஆய்வுக்கூடத்துக்கும் இடையே அன்றாடம் நடக்கும் நம் பெண்களை, அவர்தம் பணியின் பெயரோடும் துணைநிற்கும் கைகளின் பெயரோடும் எழுதுவோம். அத்தகைய ஒரு சிறுகதை இந்நாட்டுத் தமிழில் விரைவில் தோன்றுமாயின், ஒரு வளைகாப்புப் பரிசால் எனக்கு வாய்த்த பாடம் வீண்போகவில்லை என்று மகிழ்வேன்.